பொங்கலுக்கு விழாத சுண்ணாம்பு

போன மாதம் ரயில்வேயில் வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் பெங்களூர் காக்ஸ் டவுனில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். பையன்கள் என்று நான் சொல்கிறேன். ஊருக்கு அவர்கள் இன்ஜினீயர்கள். வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்கள்.

"சார், கன்டோன்மென்ட் தாண்டி கிழக்கே போற லைன்ல ஒரு எடத்துல வேகத்தக் குறைன்னு ஒரு பலகை நிக்குது. கரை என்னவோ பாறை மாதிரி கெட்டியா இருக்கு. ஏன் வச்சாங்கன்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியல. அந்தப் பக்கம் அந்தக் காலத்துல வேலை பாத்தவங்கள்ல உசுரோட இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்னு சொன்னாங்க."

உயிரோடு இருப்பதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. பாதிக் கதை சொல்வதற்குள் அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுதிக் கொடுங்கள் சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எழுதுகிறேன். பலகை என்று ஆரம்பித்தாலும் இது ஒரு மேஸ்திரியின் கதை, அவர் பெண்சாதியின் கதை, ஒரு துரையின் கதை. பலகை தானாக வரும்.

என் அப்பாவுக்குப் பிளாக்பள்ளியில் தையல் கடை. இப்போது அதைச் சிவாஜிநகர் என்கிறார்கள். என்னை வாத்தியாராக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. நான் போய் ரயில் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் ஜல்லியில் நடந்தேன். அதில் எழுத ஒன்றுமில்லை, செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். பிறகு லைன் இன்ஸ்பெக்டருக்குக் கீழே சப்-இன்ஸ்பெக்டர் என்று போட்டார்கள். என் மாமனார் அதைப் போலீஸ் உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டுதான் பெண்ணைக் கொடுத்தார். கல்யாணத்துக்கு மறுநாள் நான் காக்கி போடாமல் கடப்பாரைக்காரர்களோடு கிளம்பியதைப் பார்த்து அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் என் மனைவி நடித்துக் காட்டுவாள்.

ரயில் ரோடு என்பது போட்டுவிட்டு மறந்துவிடுகிற சமாசாரம் இல்லை. ஓட்டுக்கூரை மாதிரி வருஷா வருஷம் ஏறிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மழை ஓய்ந்ததும் கேங்கு ஆட்கள், அதாவது லைன் கூலிகள், தண்டவாளத்தைத் தாங்குகிற கட்டைக்கு அடியில் உள்ள ஜல்லியைக் கிண்டி, மட்டம் தூக்கி, மறுபடி இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அதற்குப் பேக்கிங் என்று பெயர். வருஷத்து வேலையில் முக்கால்வாசி அதுதான். குளிர் வந்ததும் தண்டவாளங்கள் சேருகிற இடத்து இரும்புப் பட்டைகளைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் தடவி மாட்டுவார்கள். தீபாவளிக்கு நமக்கு எண்ணெய்க் குளியல், தீபாவளி கழிந்து தண்டவாளத்துக்கு என்று கேங்கில் சொல்வார்கள். வெயில் ஏறும் முன்னால் தண்டவாளங்களுக்கு நடுவே விட்ட இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும்; மறந்தால் சித்திரை வெயிலில் இரும்பு நீண்டு ரோடே பாம்பு மாதிரி நெளிந்துவிடும்.

இதோடு வருஷா வருஷம் நடக்கிற சடங்குகள் இரண்டு உண்டு. ஒன்று ஏரி பார்ப்பது. பெங்களூரைச் சுற்றி அப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி. லைனுக்கு மேட்டில் இருக்கிற ஏரி உடைந்தால் கரையையும் தண்டவாளத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் மழைக்கு முன்னால், மே மாதத்தில், நாங்களும் சமஸ்தானத்து ஆள் ஒருவரும் சேர்ந்து ஏரி ஏரியாகப் போய்க் கரையில் பொந்து இருக்கிறதா, தண்ணீர் வழிகிற இடம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்போம். அந்த வழிகிற இடத்தை நம் பக்கம் கலங்கல் என்பார்கள், பெங்களூர்ப் பக்கம் கோடி என்பார்கள். மே மாதத்தில் ஏரியில் தண்ணீரே இருக்காது. மாடு மேயும். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிவிட்டு வருவோம்.

இன்னொன்று பெரிய இன்ஸ்பெக்‌ஷன். அது தை பிறப்பதற்குச் சில நாள் முன்னால் வரும். ஓர் இன்ஜின், அதற்குப் பின்னால் ஒரே ஒரு சலூன் வண்டி. அதன் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதில் பெரிய துரை உட்கார்ந்து, ஓடுகிற ரோடைப் பார்த்துக்கொண்டே வருவார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் துரை, அதாவது எங்கள் பகுதியின் அசிஸ்டென்ட் இன்ஜினீயர். கேங்கு ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் டம்ளர் துரை.

காரணம் இருக்கிறது. அந்த வண்டியில் அவர் ஒரு சின்ன மேஜையைப் போட்டு, அதன்மேல் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து, விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றச் சொல்வார். ஊற்றுவது என் வேலை. டம்ளருக்கு அடியில் மை ஒற்றுகிற காகிதம் ஒன்று. ரோடு நன்றாக இருந்தால் தண்ணீர் நடுங்கும், வழியாது. எங்கேயாவது கட்டை இறங்கியிருந்தால் வண்டி ஒரு பக்கம் சாயும், தண்ணீர் தளும்பிக் காகிதத்தில் கறை விழும். உடனே பெரிய துரை விரலைத் தூக்குவார். வாசலில் நிற்கிற ஆள் ஒரு படி சுண்ணாம்புத் தூள் கட்டிய துணிப்பையை வெளியே வீசுவான். அது தண்டவாளத்து நடுவில் விழுந்து வெடித்து வெள்ளையாகப் பரவும். பின்னால் வருகிற கேங்கு அந்த இடத்தைத் தேட வேண்டியதில்லை. துரை விபூதி பூசிவிட்டார் என்பார்கள்.

விபூதி விழுந்தால் அந்தக் கேங்கின் மேஸ்திரிக்கு அவமானம். ஒரே இடத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து விழுந்தால் மேஸ்திரி பழையபடி கடப்பாரை தூக்கப் போக வேண்டும். மேஸ்திரிக்கென்று கொடுத்த குடிசையையும் விட வேண்டும். இது பெரிய துரையின் உத்தரவு. எங்கள் துரைக்குக்கூட அதை மாற்ற அதிகாரமில்லை.

டம்ளர் துரை சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்பு கண்டால் திட்டமாட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். அந்த மௌனத்தைவிடத் திட்டே தேவலை. மட்டம் பார்க்க வேண்டுமென்றால் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஜல்லியில் முழங்கால் போட்டு, தண்டவாளத்தின்மேல் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். எழுந்திருக்கும்போது வெள்ளைக் கன்னத்தில் கறுப்புக் கோடு இருக்கும். அதைத் துடைக்க மறந்துவிட்டு அப்படியே ஸ்டேஷன் மாஸ்டரோடு பேசிக்கொண்டிருப்பார். மத்தியானம் இரண்டு வாழைப்பழம் சாப்பிடுவார். அவ்வளவுதான் அவர்.

என்னை அந்தக் கிழக்குப் பகுதிக்கு மாற்றியது யுத்தத்துக்கு முந்தின ஒரு கார்த்திகை மாதம். அங்கே முனுசாமி மேஸ்திரி. வட ஆற்காட்டுக்காரர், என் அப்பா வயது. அவர் ரோடைப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவர் ரோடில், ஓர் ஏரியை ஒட்டி மண்ணைக் கொட்டி உயர்த்திய ரயில் கரைமேல் லைன் போகிற இடத்தில், இரண்டு வருஷமாகத் தொடர்ந்து சுண்ணாம்பு விழுந்திருந்தது. மூன்றாவது இன்ஸ்பெக்‌ஷனுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஏரியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இப்போது அங்கே சைட் வாங்கி வீடு கட்டியவர்கள் என்னை அடிக்க வருவார்கள்.

போன கையோடு அந்த இடத்தைத் தூக்கிப் பேக்கிங் செய்தோம். நானே கூட நின்றேன். பத்து நாள் கழித்துப் போனால் பழையபடி இறங்கிக் கிடக்கிறது.

"என்ன மேஸ்திரி, அன்னிக்குத்தானே தூக்கினோம்?"

"தூக்கினோம் சார்."

"அப்புறம் ஏன் எறங்கியிருக்கு?"

"எறங்கிப் போச்சு சார்."

"அதத்தான் நானும் பாக்கறேன். ஏன்னு கேக்கறேன்."

"மண்ணு சார். மண்ணுகிட்ட போயி இன்னா காரணம் கேக்கறது."

எனக்குக் கோபம் வந்தது. மறுபடி தூக்கினோம். மறுபடி இறங்கியது. கேங்கு சோம்பேறித்தனம் பண்ணுகிறது, நான் புது ஆள் என்று என்னை ஆழம் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். மேஸ்திரியை நாலு பேர் முன்னால் கடுமையாகவே பேசினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். தனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. உத்தியோகம் போகப்போகிற மனிதன் இப்படிப் பேசாமல் நிற்பானா என்று அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஒருநாள் மத்தியானம் கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு மேஸ்திரி குடிசை நிழலில் உட்கார்ந்தேன். மேஸ்திரி ஆட்களோடு தூரத்தில் இருந்தார். அவர் பெண்சாதி கன்னியம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். ஒல்லியான பெண்பிள்ளை, வாயை வைத்துக் கடையே நடத்தலாம். அந்தக் குடிசையில் ஒரு வினோதம் இருந்தது. வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் பளிச்சென்று வெள்ளை. மற்ற இரண்டும் வெறும் மண். ஏன் பாதியில் விட்டுவிட்டாய் என்று கேட்டேன்.

"நான் எங்க வுட்டேன். வடக்கு செவுரு முந்தின வருசத்துது, கெழக்கு செவுரு போன வருசத்துது. துரை போட்ட சுண்ணாம்பு சார். பொங்க வருது, தண்டவாளத்து நடுவுல வீணாப் போவானேன்னு வாரியாந்து பூசிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"இந்த வருசமும் போட்டா தெக்கு செவுரு ஆயிடும். பூசி இன்னா பண்றது, அப்புறம் அந்த வூட்ல எவளோ இருப்பா."

"உன் புருஷன் ஒழுங்கா பேக்கிங் பண்ணா ஏன் போடப்போறாங்க?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த ஆளுக்கா வேலை தெரியாது? அவுரு சொல்ல மாட்டாரு சார், வாக்கு குட்த்துகீறாரு. நான் யாருக்கும் வாக்கு குடுக்கல. சாப்ட்டு எழுந்து வா, காட்டறேன்."

சோறு பாதியில் நின்றது. கரையோரமாக நடத்திக்கொண்டு போய் ஏரியின் கோடியைக் காட்டினாள். கல்லால் கட்டின கோடி. அதன்மேல் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளைச் செங்கல் மாதிரி மூன்று வரிசை அடுக்கி மிதித்து வைத்திருந்தார்கள். வழிந்து போக வேண்டிய தண்ணீர் அதற்குப் பின்னால் தேங்கி, ஏறி, எங்கள் ரயில் கரையின் அடியை நனைத்துக்கொண்டு நின்றது. கரையின் அடிவாரத்தில் காலை வைத்தேன். கணுக்கால் வரைக்கும் உள்ளே போயிற்று.

விஷயம் இதுதான். மழையில் ஏரி நிரம்பிக் கோடி வழிந்ததும் ஊர்க்காரர்கள் ஏரியம்மனுக்குப் பூஜை போடுவார்கள். பூஜை முடிந்த கையோடு கோடியில் புல்கட்டி அடுக்குவார்கள்; முன்பெல்லாம் ஒரு வரிசை, இரண்டு வருஷமாக மூன்று. இன்னும் கொஞ்சம் தண்ணீர் நின்றால் கடைசி வயல் வரைக்கும் நெல் தேறும். அறுப்பு முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். நாங்கள் ஏரி பார்க்கப் போகிற மே மாதத்தில் கோடி கழுவி வைத்த மாதிரி இருக்கும். ரோடு பார்க்கிற பெரிய துரையோ மார்கழிக் கடைசியில் வந்து கண்ணாடி வழியாகத் தண்டவாளத்தைத்தான் பார்ப்பார், ஏரியைப் பார்க்கமாட்டார். இரண்டு சடங்கும் வருஷா வருஷம் தவறாமல் நடந்தன. ஒன்றுக்கொன்று முகம் பார்த்ததே இல்லை.

நாங்கள் அங்கே நிற்பதை மேஸ்திரி பார்த்துவிட்டார். வேகமாக வந்தார். பெண்சாதியை ஒரு பார்வை பார்த்தார். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு குடிசைக்குப் போய்விட்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றேன்.

"தெரியும் சார்."

"ரெண்டு வருஷமா பழியச் சுமந்துகிட்டு வாய மூடிட்டிருக்கீங்க. யாருக்காக?"

அவர் கோடியின் கல்மேல் உட்கார்ந்தார். "பெரிய காய்ச்சல் வந்துது பாரு சார், எலி செத்து வுழுந்துதே. குடிசைய எல்லாம் காலி பண்ணி கூரையப் பிரின்னு கம்பெனில உத்தரவு போட்டாங்க. எங்க போறது? எந்த ஊருக்குப் போனாலும் ரயில் ஆளுங்க நோயக் கொண்டாறாங்கன்னு கல்லால அட்ச்சாங்க. இந்த ஊரு கௌடரு மட்டும் மாட்டுக் கொட்டாயக் காலி பண்ணிக் குட்த்தாரு. ராகி குட்த்தாரு. எங்க ரெண்டு புள்ளைங்க பொழைச்சதே அந்தக் கொட்டாயில. வரும்போது ஒண்ணுதான் கேட்டாரு. மேஸ்திரி, கோடி சமாசாரம் ரயில்காரங்க காதுக்குப் போவக் கூடாது. சரின்னேன்."

"அந்த நன்றிக்கு மெயில் வண்டிய ஏரியில எறக்கப் போறீங்களா?"

"எறக்குவனா சார்?" என்று கையைக் காட்டினார். கரை ஓரத்தில் ஒரு கம்பளி மடித்து வைத்திருந்தது, பக்கத்தில் லாந்தர், சிவப்புக் கொடி. ஏரி நிரம்பின நாளிலிருந்து அவர் ராத்திரி வீட்டில் படுக்கவில்லை. பகல் முழுக்க வேலை, ராத்திரி முழுக்கக் கரைக்குக் காவல். கம்பெனி சொல்லாத வேலை.

எனக்கு அந்த மனிதரை நாலு பேர் முன்னால் பேசியது நினைவுக்கு வந்தது. ஆனால் ஊறின கரை ஒரு மனிதனின் தூக்கத்தைப் பார்த்து இரக்கப்படாது. ஒருநாள் கண்ணசந்தால் போதும்.

"மேஸ்திரி, நான் துரைகிட்ட சொல்லத்தான் போறேன். உங்ககிட்ட மறைச்சுச் சொல்ல மாட்டேன். அதான் இப்பவே சொல்றேன்."

"உங்க வேலை சார், நீங்க சொல்லுங்க. பயிரு போனா அந்த ஊரு மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது?" என்றார். அன்றிலிருந்து அவர் கன்னியம்மாளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு வேண்டுமென்றால்கூட என்னிடமோ கேங்கு ஆளிடமோ சொல்லி அனுப்புவார். எனக்குக் கம்பெனி கொடுத்த உத்தியோகம் போதாதென்று இது வேறு.

துரை மறுநாளே, தண்டவாளத்தில் ஆட்கள் தள்ளிக்கொண்டு வருகிற டிராலியில் வந்தார். இறங்கியதும் தொப்பியைக் கொடுத்தார், தண்டவாளத்தில் கன்னம் வைத்தார், எழுந்தார். கரையடியில் கைத்தடியை ஊன்றினார். தடி கேட்காமலே உள்ளே போயிற்று. பிறகு கோடிக்கு நடந்தார். அங்கே ஊர்ப் பெரியவரான கௌடரும் ஊர்க்காரர் பத்துப் பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். மேஸ்திரி இரண்டு பக்கத்துக்கும் நடுவில், யாரையும் பார்க்காமல் நின்றார்.

கௌடர் கன்னடத்தில் பேசினார், துரை இங்கிலீஷில் பேசினார், நான் நடுவில் நின்று மாற்றி மாற்றிச் சொன்னேன்.

"இதை இன்றைக்கே பிரித்தால் என்ன ஆகும்?" என்று துரை கேட்டார்.

"கதிர் பால் பிடிக்கிற சமயம். இன்றைக்குத் தண்ணீர் போனால் பொங்கலுக்கு வைக்கோல்தான் அறுக்கலாம்."

"பிரிக்காவிட்டால் என் கரை போகும்."

"துரை ஒரு நிமிஷம் லைனைத் தாண்டி அந்தப் பக்கம் வர வேண்டும்," என்றார் கௌடர்.

தாண்டினோம். அந்தப் பக்கம் கள்ளியும் முள்ளும் மண்டின பள்ளம். அதன் நடுவில் இரண்டு கல்தூண், மேலே குறுக்காக ஒரு கல். ஏரியின் மதகு. தண்ணீரே இல்லாத இடத்தில் மதகு மட்டும் நின்றது. தூணில் பழைய தண்ணீர் மட்டத்தின் கறைகூடத் தெரிந்தது.

"எங்கள் தாத்தா காலத்தில் ஏரி இதுவரைக்கும் இருந்தது," என்றார் கௌடர். "உங்கள் கம்பெனி ஏரிக்கு நடுவில் கரை போட்டு லைன் இழுத்தது. பாதி ஏரி உங்களுக்குப் போயிற்று. நாங்கள் கேஸ் போடவில்லை. அந்தப் பாதித் தண்ணீரை இந்தப் பாதியில் நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறோம். அதற்குத்தான் புல்கட்டி."

நான் அப்படியே சொன்னேன். துரை அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்தார். சுற்றி ஒரு நடை நடந்தார். திரும்பி வந்து தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்துகொண்டார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கன்னத்தில் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. வாழைப்பழ நேரமும் தாண்டிவிட்டது.

கடைசியில் சொன்னார்: "ஊறின கரையில் ஒன்று தண்ணீரைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியின் வேகத்தைக் குறைக்க வேண்டும். முதலாவது இவர்கள் சோறு. இரண்டாவது என் கையெழுத்து. பலகை போடு."

பலகை என்றால் என்ன என்று இன்றைய பையன்களுக்குச் சொல்ல வேண்டும். வேகத்தைக் குறைக்கச் சொல்லும் ஒவ்வொரு பலகையும் அந்தப் பகுதித் துரையின் கணக்கில் ஒரு கரும்புள்ளி. ரோடைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் பலகை போடுகிறான் என்று அர்த்தம். எங்கள் பகுதியில் அதுவரைக்கும் ஒரு பலகைகூட இல்லை. அது ஒன்றுதான் அவர் வாய்விட்டுப் பெருமைப்பட்ட விஷயம்.

புல்கட்டியில் மேல் வரிசையை அங்கேயே எடுக்கச் சொன்னார். கௌடர் சம்மதித்தார். மற்ற இரண்டு வரிசை கதிர் முற்றும்வரை இருக்கலாம். கரைக்கு இரவு பகல் முறைக்காவல், கம்பெனி கணக்கில். மேஸ்திரி வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும். இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். மேஸ்திரி கும்பிட்டார். அப்போதும் அவர் முகம் தெளியவில்லை, இன்ஸ்பெக்‌ஷன் இன்னும் பாக்கி இருந்தது.

இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு வண்டியில் வாசலில் நிற்கிற வேலை எனக்கு வந்தது. காலடியில் சுண்ணாம்புப் பைகள். டம்ளரை ஊற்றி வைத்துவிட்டு வந்து நின்றேன். வழியில் இரண்டு இடத்தில் பெரிய துரை விரலைத் தூக்கினார், வீசினேன். ஏரி வருகிறது என்று எனக்கு மரங்களைப் பார்த்தே தெரிந்தது. பேக்கிங் எவ்வளவு செய்தாலும் அந்த இடம் இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. எனக்குத் தெரியும், எங்கள் துரைக்கும் தெரியும்.

பலகைக்கு முன்னால் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். வண்டி மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்தது. ஓரத்தில் கேங்கு ஆட்கள் கடப்பாரையை நட்டு வைத்து வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி தலைப்பாகை கட்டி, பச்சைக்கொடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கட்டையைப் போலவே நின்றார். கண் மட்டும் என் கையில் இருந்தது. நான் டம்ளரைத் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் விளிம்பில் நின்றது. ஒரு சொட்டு விழவில்லை.

பெரிய துரை கண்ணாடியிலிருந்து திரும்பினார். "இங்கே ஏன் ஊர்கிறோம்? இது யாருடைய பலகை?"

"என்னுடையது," என்றார் எங்கள் துரை.

"போன வருஷம் உன் பகுதியில் பலகை கிடையாதே."

"கிடையாது. இந்த வருஷம் இருக்கிறது. கரை நனைந்திருக்கிறது."

எங்கள் துரை இன்னும் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்துப் பெரிய துரை அவர் முகத்தையே பார்த்தார். எங்கள் துரை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய துரை எதையோ குறித்துக்கொண்டார். விரலைத் தூக்கவில்லை. வண்டி வேகமெடுத்தது. நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் எங்கள் துரைக்கு வர வேண்டிய பெரிய பதவி வேறொருவருக்குப் போயிற்று. பலகையால்தான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அவர் அதைப் பற்றிப் பேசினதே இல்லை.

ஊர்க்காரர்கள் சொன்னபடி கதிர் முற்றியதும் புல்கட்டியைப் பிரித்தார்கள். மறு வருஷம் இரண்டே வரிசை என்று பேச்சு, இரண்டரை ஆயிற்று. மனிதர்கள்தானே. நாங்களும் ஓய்ந்த நாட்களில் கல்லைக் கொண்டுவந்து கரையடியில் அடுக்கிக்கொண்டே வந்தோம். அதனால்தான் கரை இப்போது பாறை மாதிரி இருக்கிறது. பலகையை எடுக்கிற தைரியம் பிறகு வந்த எந்தத் துரைக்கும் வரவில்லை. ஏன் வைத்தது என்று தெரியாததை எடுக்க யாருக்குத்தான் தைரியம் வரும்? முனுசாமி மேஸ்திரியாகவே வேலையை முடித்தார். இப்போது அங்கே ஏரியும் இல்லை, நெல்லும் இல்லை, கோடி இருந்த இடத்தில் மாடி வீடு. தாராளமாகப் பலகையை எடுத்துவிடுங்கள் தம்பிகளா. இனி அதனால் யாருக்கும் ஒரு பிடி சோறும் குறையாது.

ஒரு காட்சியை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு மறுநாள் துரையும் நானும் டிராலியில் அந்த வழியாகத் திரும்பினோம். வீசாத சுண்ணாம்புப் பைகள் டிராலியில் கிடந்தன. குடிசை ஓரத்தில் கன்னியம்மாள் நடு லைனில் வந்து நின்று கையைக் காட்டினாள். டிராலிக்காரர்கள் பதறி நிறுத்தினார்கள். மேஸ்திரி அந்தப் பக்கம் கட்டை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"துரையைக் கேளு சார்," என்றாள் என்னிடம். "ரெண்டு வருசம் பொங்கலுக்குத் தவறாம சுண்ணாம்பு போட்டாரு. இந்த வருசம் போடல. தெக்கு செவுத்துக்கு நான் இன்னாத்த பூசறது?"

துரை என்னவென்று கேட்டார். மறைக்க வழியில்லை. வடக்குச் சுவர், கிழக்குச் சுவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அந்தக் குடிசையைப் பார்த்தார். இறங்கினார். தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். டிராலியில் இருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வீசாமல், அவள் ஏந்தின முந்தானையில் இரண்டு கையாலும் வைத்தார். கடைசிப் பை வரைக்கும். அவர் சட்டையெல்லாம் வெள்ளை.

மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு லைனைத் தாண்டி வந்தார். என்னிடம் எதையோ சொல்லி அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பெண்சாதியைப் பார்த்தார்.

"தெக்கு செவுரு மழை அடிக்கிற பக்கம்," என்றார். "ரெண்டு தரம் பூசு."